ஒட்டுண்ணிக்குச் சரியான பெயர்: காட்டு விலங்குகளின் ஒட்டுண்ணிகளை இனங்காணலும் வகைப்படுத்தலும்

1. முன்னுரை

காட்டில் எந்த விலங்கும் தனித்து வாழ்வதில்லை. எலியின் காதுமடலுக்குள் சிற்றுண்ணிகள் கூட்டமாக ஒட்டியிருக்கின்றன. எறும்புத்தின்னியின் செதில்களுக்கிடையே உண்ணிகள் பதுங்கியிருக்கின்றன. யானையின் தடித்த தோலைத் துளைத்து உண்ணும் பேன் ஒன்று உண்டு. குரங்கின் குருதியில் கண்ணுக்குப் புலப்படாத ஓரணு உயிர்கள் பெருகுகின்றன. ஒரு விலங்கு நம் பார்வைக்கு ஓர் உயிராகத் தோன்றினும், அது வேறு பல உயிர்களுக்கு நிலமாகவும் உணவாகவும் விளங்குகின்றது.

இவ்வுயிர்களை எதிர்கொள்ளும் மருத்துவரும் விலங்கு மருத்துவரும் வனத்துறை அலுவலரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: "இது எது?" எந்த மருந்து தருவது, எந்த இடத்தைத் தவிர்ப்பது, எந்தக் கொசுவை அல்லது எந்த எலியைக் கவனிப்பது என்னும் பிற கேள்விகளுக்கெல்லாம் இந்த முதற்கேள்வியின் விடையே அடிப்படை. விடை பிழைபட்டால் அதன்மேல் எழுப்பப்படும் அனைத்தும் பிழைபடும். சில வேளைகளில் அப்பிழையின் விலை மனித உயிராகவும் அமைந்துள்ளது.

அந்த முதற்கேள்விக்கு விடை காணும் வழிமுறைகளையும், அவை எங்கே தவறக்கூடும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் மண்ணிலேயே நிகழ்ந்த இரண்டு வரலாறுகள் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, மலாயாவின் எலிகளைச் சார்ந்தது. மற்றொன்று, தீபகற்பத்திலும் சரவாக்கிலும் வாழும் குரங்குகளைச் சார்ந்தது.

2. ஒட்டுண்ணி என்பது ஓர் இனமன்று

'ஒட்டுண்ணி' என்பது பொருள் தெளிவுடைய சொல். ஒட்டி உண்பது ஒட்டுண்ணி. அது எந்த உயிரை ஒட்டி வாழ்கின்றதோ அவ்வுயிரை 'ஓம்புயிர்' என்கிறோம். ஓம்புயிரின் தோல்மேலும் முடியிலும் இறகிலும் வாழ்பவை புற ஒட்டுண்ணிகள். குடல், குருதி, தசை முதலியவற்றில் வாழ்பவை அக ஒட்டுண்ணிகள். பேனைப் போன்று வாழ்நாள் முழுவதையும் ஓம்புயிர்மேல் கழிப்பனவும் உண்டு. உண்ணியைப் போன்று உணவு வேளையில் மட்டும் ஒட்டிக்கொண்டு, வயிறு நிறைந்தவுடன் மண்ணில் விழுந்துவிடுவனவும் உண்டு.

மாணவர்கள் முதலில் மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உளது. ஒட்டுண்ணி என்பது ஒரு வாழ்க்கைமுறையின் பெயர். ஓர் உறவுக் குடும்பத்தின் பெயரன்று. 'மீனவர்' என்னும் சொல் ஒரு தொழிலைக் குறிப்பது போன்றே 'ஒட்டுண்ணி' என்னும் சொல்லும் ஒரு பிழைப்பைக் குறிக்கின்றது. தெள்ளுப்பூச்சி ஆறு கால் பூச்சியினம். உண்ணி எட்டுக் கால் சிலந்தியின் உறவு. நாடாப்புழு தட்டைப்புழுத் தொகுதியைச் சேர்ந்தது. மலேரியாக் கிருமி ஓரணு உயிரி. இவை நான்கும் ஒரே குரங்கிடம் வாழக்கூடும். எனினும் இவை நான்கும் ஓர் உறவுக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல.

எனவே ஒட்டுண்ணிகளை இருவகையாகப் பகுக்கலாம். எங்கே வாழ்கின்றது, எவ்வாறு பரவுகின்றது, என்ன தீங்கு செய்கின்றது என்று வாழ்க்கைமுறையால் பகுப்பது ஒன்று. எந்த மூதாதையிலிருந்து தோன்றியது என்று உறவுமுறையால் பகுப்பது மற்றொன்று. தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்னும் படிநிலைகள் இரண்டாம் பகுப்பிற்கு உரியவை. முதற்பகுப்பு நமக்கு உடனடிப் பயன் தருவது. இரண்டாம் பகுப்பு நிலையான அடித்தளம் தருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருத்தலே வகைப்படுத்தலின் முதற்பாடம்.

3. கண்ணால் காணும் அடையாளங்கள்

புற ஒட்டுண்ணிகளை இனங்காண்பதற்கு எளிய தொடக்கம் கால்களை எண்ணுவதே. பேனுக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் ஆறு கால்கள். வளர்ந்த உண்ணிக்கும் சிற்றுண்ணிக்கும் எட்டுக் கால்கள். அடுத்து உடலின் வடிவத்தைக் காண வேண்டும். பேனின் உடல் மேலிருந்து அழுத்தியது போலத் தட்டையானது. முடியையோ இறகையோ பற்றிக்கொள்ள ஏற்ற நகங்கள் உடையது. தெள்ளுப்பூச்சியின் உடலோ இருபக்கங்களிலிருந்தும் அழுத்தியது போல ஒடுங்கியது. அடர்ந்த முடிகளுக்கிடையே வழுக்கிச் செல்ல அவ்வடிவம் உதவுகின்றது. பின்னங்கால்கள் பாய்வதற்கு ஏற்ப வலுத்திருக்கும். உண்ணிகளுள் முதுகில் கடினமான தகடு உடையவை ஒரு குடும்பம். தகடின்றித் தோல்பை போன்ற உடலுடையவை மற்றொரு குடும்பம்.

ஆயினும் இவ்வெளிய விதிகள் எல்லா இடத்தும் செல்லுபடியாகா. முட்டையிலிருந்து வெளிவரும் உண்ணிக் குஞ்சுக்கு ஆறு கால்களே உண்டு. தோலுரித்த பின்னரே எட்டாகும். கால்களை எண்ணியதோடு நிறுத்திக்கொள்பவர் அதனைப் பூச்சி என்று எழுதிவிடுவார். வௌவாலின் உடலில் சிறகற்ற ஓர் உயிர் நீண்ட கால்களால் ஊர்ந்து திரிவதைக் காணலாம். பார்வைக்குச் சிலந்தி, எண்ணினால் ஆறு கால்கள், உண்மையில் அது சிறகை இழந்துவிட்ட ஈ.

யானைப்பேன் இன்னும் வியப்பிற்குரியது. பேன்களைக் கடித்து உண்பவை என்றும் குருதி உறிஞ்சுபவை என்றும் இருபிரிவாகக் கொள்வது நெடுநாள் வழக்கம். ஈமட்டோமைசஸ் எலிஃபாண்டிஸ் என்னும் யானைப்பேனோ இரண்டிலும் அடங்கவில்லை. அதன் தலை துதிக்கையைப் போல முன்னோக்கி நீண்டுள்ளது. அந்நீட்சியின் நுனியில் கடிக்கும் தாடைகள் அமைந்துள்ளன. அவற்றால் தடித்த தோலைத் துளைத்துக் குருதியை உண்கின்றது. ஆசிய யானை, ஆப்பிரிக்க யானை ஆகிய இரண்டிலும் காணப்படும் இதனையும், ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றிகளில் வாழும் இதன் இரண்டு உறவினங்களையும் தனிப்பிரிவாகவே வைக்க வேண்டியதாயிற்று. பெட்டிகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு உயிர்களை அவற்றில் திணித்தல் வகைப்படுத்தல் ஆகாது; உயிர்களைக் கண்டு பெட்டிகளைத் திருத்திக்கொள்வதே வகைப்படுத்தல்.

4. சேகரிப்பும் குறிப்புச் சீட்டும்

ஆய்வகத்தில் நிகழும் பிழைகளைவிடக் களத்தில் நிகழும் பிழைகள் திருத்துவதற்கு அரியவை. பயிற்சி பெற்றோர் விலங்கின் உடலைச் சீப்பால் வாரியும், உண்ணியை அதன் வாய்ப்பகுதி முறியாதவாறு தோலையொட்டிச் சிற்றிடுக்கியால் பற்றி இழுத்தும் சேகரிப்பர். வாய்ப்பகுதி முறிந்தால் இனங்காணும் முதன்மை அடையாளமே தொலைந்துபோகும். ஒரு விலங்கிலிருந்து எடுத்தவற்றை ஒரே குப்பியில் இட வேண்டும். இரண்டு விலங்குகளின் ஒட்டுண்ணிகளை ஒருபோதும் கலத்தலாகாது. குப்பியில் 70 விழுக்காட்டு ஆல்ககால் ஊற்றப்பெறும். மரபணு ஆய்வுக்குரியவற்றை இதனினும் செறிந்த ஆல்ககாலில் வைப்பர்.

குப்பிக்குள் இடும் சீட்டைப் பென்சிலால் எழுதுவது மரபு. பேனா மை ஆல்ககாலில் கரைந்துவிடும். ஓம்புயிரின் பெயர், பிடித்த இடம், நாள், உடலின் எப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது, எடுத்தவர் பெயர் ஆகியன அச்சீட்டில் இடம்பெறும். சீட்டில்லாத ஒட்டுண்ணி, முகவரியில்லாத கடிதம் போன்றது.

சீட்டின் பெறுமதியை வட அமெரிக்காவின் பயணிப்புறா வரலாறு உணர்த்தும். ஒரு காலத்தில் வானத்தை மறைக்கும் அளவிற்குப் பறந்த அப்புறாவினத்தின் இறுதிப்பறவை 1914இல் இறந்தது. அப்புறாவிற்கே உரியதெனக் கருதப்பட்ட ஒரு பேனுக்கு 1937இல் 'அற்றுப்போனது' என்னும் பொருளில் கொலம்பிகோலா எக்ஸ்டிங்டஸ் என்று பெயரிட்டனர். பின்னர் 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதே பேன் மற்றொரு புறாவினத்தின்மேல் உயிருடன் வாழ்ந்து வருவதைக் காட்டியது. அப்புறாவினதாகவே கருதப்பட்ட இன்னொரு பேன், ஆஸ்திரேலியப் புறா ஒன்றின் பேனே என்றும், சேகரிப்பில் நேர்ந்த கலப்பால் தவறாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் ஆய்வாளர் முடிவு செய்தனர். அழிந்ததாக எண்ணிய உயிர் வாழ்கின்றது; இருந்ததாக எண்ணிய உயிர் இருந்ததே இல்லை. இரண்டும் பெயரிடுதலில் நேர்ந்த பிழைகளே.

சேகரித்தவற்றை நுண்ணோக்கியில் கண்டு, 'இருகிளைத் திறவுகோல்' என்னும் முறையைக் கொண்டு ஆய்வர். "கண் உண்டா, இல்லையா? உண்டெனில் 2ஆம் எண்ணிற்குச் செல்க, இல்லையெனில் 5ஆம் எண்ணிற்குச் செல்க" என்றவாறு ஒவ்வொரு படியிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டே சென்றால் பேரினத்தையும் சிற்றினத்தையும் அடையலாம். இம்முறையின் வலிமை தெளிவு. இதன் குறை, திறவுகோலில் எழுதப்படாத ஓர் உயிர் நம் கையில் இருந்தாலும் அது ஏதேனும் ஒரு பெயரில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்பதே. இக்குறை எத்துணைப் பெரிதென்பதைப் பின்னர்க் காண்போம்.

5. முதற்சான்று: எலியும் இரண்டு காய்ச்சல்களும்

1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 1920களில் வில்லியம் ஃபிளெட்ச்சர், லெஸ்லர் ஆகிய மருத்துவர்கள் 'டைஃபஸ்' என்னும் காய்ச்சலை ஆராய்ந்தனர். கடும் காய்ச்சல், தலைவலி, உடலில் தடிப்பு என நோயாளிகள் அனைவரிடமும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் அவர்களுடைய குருதிநீரைச் சோதித்தபோது இரண்டு வேறுபட்ட விளைவுகள் கிடைத்தன. நோயாளிகளின் வாழ்விடத்தையும் தொழிலையும் ஒப்பிட்டபோது மேலும் ஒரு வேறுபாடு புலப்பட்டது. ஒரு பிரிவினர் நகரவாசிகள், கடைகளில் பணியாற்றுவோர். மற்றப் பிரிவினர் செம்பனைத் தோட்டங்களிலும் புதர் வெட்டிய நிலங்களிலும் உழைத்தோர்.

இரண்டிற்கும் எலியே பின்புலம். ஆனால் எலியின் உடலில் வாழ்ந்த ஒட்டுண்ணிகள் வேறு. நகர்ப்புறக் காய்ச்சலைக் கொண்டுவந்தது எலியின் தெள்ளுப்பூச்சி. நாட்டுப்புறக் காய்ச்சலைக் கொண்டுவந்தது லெப்டோட்ராம்பிடியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிற்றுண்ணியின் குஞ்சு. 'எலியால் வரும் காய்ச்சல்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பொய்யாகாது. ஆயினும் பயனற்ற உண்மையாக நின்றிருக்கும். நகரத்தில் எலியோடு தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்க வேண்டும். தோட்டத்தில் லாலாங் புல்லையும் புதரையும் கவனிக்க வேண்டும். எந்த ஒட்டுண்ணி என்று அறிந்த பின்னரே எந்தத் தடுப்பு என்று அறிய முடியும்.

இச்சிற்றுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி இனங்காண்போரைப் பெரிதும் அலைக்கழிப்பது. குஞ்சுப் பருவத்தில் மட்டுமே அது விலங்குகளை நாடுகின்றது. அப்பொழுது அதற்கு ஆறு கால்கள். வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளியாகக்கூடத் தோன்றாது. அது குருதியை உறிஞ்சுவதில்லை. தோலின் திசுக்களைக் கரைத்து அச்சாற்றை உண்கின்றது. பின்னர் மண்ணில் விழுந்து, எட்டுக் கால்களுடன் உருமாறி, மண்ணிலுள்ள சிறு பூச்சிகள் போன்றவற்றின் முட்டைகளை உண்டு வாழ்கின்றது. குஞ்சையும் வளர்ந்ததையும் அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் ஒன்றென்று எவரும் நம்பமாட்டார். நோய்க்கிருமி தாயிடமிருந்து முட்டைவழியாகக் குஞ்சுக்குச் செல்வதால், வாழ்நாளில் ஒருமுறையே விலங்கை நாடும் இவ்வுயிர் நோயைக் கடத்துவதோடு தலைமுறை தலைமுறையாகக் காத்தும் வருகின்றது.

இந்நாட்டுப்புறக் காய்ச்சலும் ஜப்பானில் ஆற்றங்கரைகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட 'சுட்சுகமூஷி' காய்ச்சலும் ஒன்றே என்பதைக் கோலாலம்பூரில் லூத்வெயிட், சவூர் ஆகியோர் செய்த ஆய்வுகள் 1930களில் நிலைநாட்டின. இரண்டு பெயர்கள் ஒரு நோயாயின. 1948இல் கோலாலம்பூரில் நடைபெற்ற சோதனைகளில் குளோராம்ஃபெனிகால் என்னும் மருந்து இந்நோயைக் குணப்படுத்துவது உறுதியாயிற்று. இதற்குரிய கிருமி நெடுங்காலம் ரிக்கெட்சியா என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1995இல் ஓரியன்ஷியா என்னும் தனிப்பேரினத்திற்கு மாற்றப்பட்டது. பெனிசிலின் வகை மருந்துகளுக்கு இக்கிருமி கட்டுப்படாது. டாக்சிசைக்கிளின் போன்ற மருந்துகளுக்குக் கட்டுப்படும். எனவே இன்றும் இந்நோயைச் சரியாகப் பெயரிட்டு அறிதலே சிகிச்சையின் பாதியாகும்.

6. இரண்டாம் சான்று: குரங்கின் மலேரியா

மனிதருக்கு மலேரியா உண்டாக்குபவை நான்கு சிற்றினங்கள் என்று பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்துவந்தன. குரங்குகளுக்கும் மலேரியா உண்டு என்பதும் அறியப்பட்ட செய்தியே. 1931இல், சிங்கப்பூரிலிருந்து கொல்கத்தாவிற்குக் கொண்டுசெல்லப்பட்ட நீண்டவால் குரங்கு ஒன்றின் குருதியில் ஒரு மலேரியாக் கிருமி காணப்பட்டது. அக்கிருமி மனிதரையும் பற்றக்கூடும் என்பதை 1932இல் ராபர்ட் நோல்ஸ், தாஸ் குப்தா ஆகியோர் சோதனைவழி காட்டினர். நோல்ஸின் நினைவாக அதற்குப் பிளாஸ்மோடியம் நோலெசி என்று பெயரிடப்பட்டது.

சோதனைக்கு வெளியே, இயற்கையில் அது மனிதரைப் பற்றுமா என்னும் கேள்விக்கு 1965இல் விடை கிடைத்தது. பகாங் காட்டில் பணியாற்றித் தாயகம் திரும்பிய அமெரிக்க நில அளவையாளர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. நுண்ணோக்கியில் அக்கிருமி முதலில் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்றும், பின்னர் பிளாஸ்மோடியம் மலேரியே என்றும் கருதப்பட்டது. அவருடைய குருதியைக் குரங்கிற்குச் செலுத்தியபோது அது கடும் நோயுற்றது. அதன்பின்னரே உண்மை வெளிப்பட்டது. தொடர்ந்து அவ்வட்டாரத்து மக்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்டோரின் குருதி சோதிக்கப்பட்டது. எவரிடமும் அக்கிருமி காணப்படவில்லை. எனவே அது மிக அரிய நிகழ்வு என்று முடிவாயிற்று. அம்முடிவு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நிலைத்தது.

சரவாக்கின் காப்பிட் பகுதி மருத்துவமனையில் மலேரியே வகை நோயாளிகள் மிகுதியாகக் காணப்பட்டனர். அவர்களுடைய நோய், நூல்கள் கூறியவாறு நடந்துகொள்ளவில்லை. மலேரியே கிருமி 72 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகுவது. குருதியில் அதன் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். நோயும் பெரும்பாலும் மென்மையானது. காப்பிட் நோயாளிகளின் குருதியிலோ கிருமிகள் மிகுந்திருந்தன. மலேசியா சரவாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் ஆகியோர் உள்ளிட்ட ஆய்வுக்குழுவினர் இம்முரண்பாட்டைப் புறக்கணிக்கவில்லை. மரபணுத் துணுக்கைப் பன்மடங்காகப் பெருக்கிக் காணும் பாலிமரேஸ் தொடர்வினையால் அக்கிருமிகளைச் சோதித்தனர். அவை மலேரியாப் பேரினத்தைச் சேர்ந்தவை என்பது உறுதியாயிற்று. ஆனால் அறியப்பட்ட நான்கு சிற்றினங்களுள் எதனோடும் பொருந்தவில்லை. மரபணு வரிசையைப் படித்தபோது அது நோலெசி என்பது தெரியவந்தது.

2004இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, 2000 மார்ச் முதல் 2002 நவம்பர் வரை ஆராயப்பட்ட 208 மலேரியா நோயாளிகளுள் 120 பேரிடம், அதாவது 58 விழுக்காட்டினரிடம், நோலெசி இருந்தது. மலேரியே ஒருவரிடத்தும் இல்லை. பல்லாண்டுகளாகப் பதிவேடுகளில் எழுதப்பட்டுவந்த ஒரு பெயர், வேறொரு கிருமியின் முகமூடியாக இருந்துவந்துள்ளது.

இப்பிழை எதனால் நேர்ந்தது? நோலெசியின் இளம்பருவம் ஃபால்சிபாரத்தின் வளையத்தை ஒத்திருக்கின்றது. முதிர்பருவம் மலேரியேயின் பட்டைவடிவத்தை ஒத்திருக்கின்றது. நுண்ணோக்கியின் முன் அமர்ந்தவரிடம் நான்கு பெயர்கள் மட்டுமே கொண்ட திறவுகோல் இருந்தது. அவர் தம் கடமையில் தவறவில்லை. திறவுகோலில் ஐந்தாம் கதவு எழுதப்படவில்லை.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்கவில்லை. மலேரியே 72 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருக, நோலெசியோ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகுகின்றது. முன்னதை மென்மையான நோயெனக் கருதிக் காத்திருக்கலாம். பின்னதில் ஒரு நாள் தாமதமும் ஆபத்தானது. நுண்ணோக்கியால் மலேரியே என்று பதிவு செய்யப்பட்டு, சரவாக்கில் உயிரிழந்த நால்வருக்கு உண்மையில் இருந்தது நோலெசியே என்பது 2008இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று.

ஓம்புயிரை அறிந்ததால் பரவும் வழியும் புலனாயிற்று. காப்பிட் வட்டாரத்தில் 108 காட்டுக் குரங்குகளை ஆராய்ந்தபோது, நோலெசி உட்பட ஐந்து வகை மலேரியாக் கிருமிகள் அவற்றில் காணப்பட்டன. அப்பகுதியில் கிருமியைக் கடத்துவது அனோபிலிஸ் லேட்டன்ஸ் என்னும் காட்டுக்கொசு. சபாவில் அனோபிலிஸ் பலபசென்சிஸ். இவை வீட்டிற்குள்ளிருப்போரைவிடக் காட்டோரத்திலும் தோட்டத்திலும் நடமாடுவோரையே மிகுதியாகக் கடிக்கின்றன. ஆதலால் வீட்டுக் கொசுவலை மட்டும் போதாது. சிங்கப்பூரிலும் 2007இல், காட்டுப்பகுதியில் பயிற்சி பெற்ற படைவீரர் ஒருவரிடம் இக்கிருமி கண்டறியப்பட்டது. அங்குள்ள காட்டு நீண்டவால் குரங்குகளிலும் அது இருப்பது பின்னர் உறுதியாயிற்று.

மலேசியாவில் 2018 முதல் மனித மலேரியா உள்நாட்டில் பரவியதாகப் பதிவு இல்லை, இது பெருஞ்சாதனை. ஆயினும் நோலெசியால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நோயுறுகின்றனர். ஒரே சொல்லால் 'மலேரியா' என்று அழைத்தால் இவ்விரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும். சிற்றினப் பெயர்களைச் சொன்னால் முரண்பாடு மறைந்துவிடும். வரலாறு இத்துடன் முடியவும் இல்லை. குரங்குகளுக்குரிய மற்றொரு கிருமியான பிளாஸ்மோடியம் சைனோமோல்ஜி, இயற்கையில் மனிதரைப் பற்றிய முதல் நிகழ்வு தீபகற்பத்தின் கிழக்குக்கரையிலிருந்து 2014இல் அறிவிக்கப்பட்டது. நுண்ணோக்கியில் அது மனித மலேரியாவின் ஒரு வகையான விவாக்ஸ் என்றே தோன்றியிருந்தது.

7. நான்கு சான்றுகளும் ஒரு முடிவும்

இவ்விரண்டு வரலாறுகளிலிருந்தும் ஒட்டுண்ணியை இனங்காண்பதற்குரிய சான்றுகளை நான்காகத் தொகுக்கலாம்: உருவம், ஓம்புயிர், வாழ்க்கைச் சுழற்சி, மரபணு. இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பினால் ஒவ்வொன்றும் ஒரு வகையில் ஏமாற்றும். உருவத்தை மட்டும் நம்பியோர் நோலெசியை மலேரியே என்றனர். ஓம்புயிரை மட்டும் நம்பினால் எலிக்காய்ச்சல் இரண்டும் ஒன்றாகிவிடும். சுழற்சியின் ஒரு பருவத்தை மட்டும் கண்டால் சிற்றுண்ணியின் குஞ்சும் வளர்ந்ததும் வேறு வேறாகிவிடும்.

மரபணுச் சோதனை எல்லா ஐயத்தையும் தீர்த்துவிடும் என்று கருதுவோர் உளர். காப்பிட்டில் நடந்ததை அவர்கள் மீண்டும் நோக்குதல் வேண்டும். நான்கு சிற்றினங்களுக்காக வடிவமைக்கப்பட்ட சோதனை, ஐந்தாவதைப் பெயர் சொல்லிக் காட்டவில்லை; "இவற்றுள் எதுவும் இல்லை" என்றே கூறியது. எந்தக் கருவியும் நாம் கேட்ட கேள்விக்கே விடை தரும். பொருந்தாத விடையைக் கண்டபோது அதனைத் தள்ளிவிடாமல் மேலும் கேட்ட மனமே அங்குக் கண்டுபிடிப்பை நிகழ்த்தியது.

இனங்காணல் நோய்த்தடுப்பிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் அழிவின் விளிம்பிற்குச் சென்ற கலிஃபோர்னியக் கழுகினத்தைக் காக்க, 1980களில் எஞ்சிய பறவைகளைப் பிடித்துக் காப்பகத்தில் வளர்த்தனர். அவற்றின் உடலிலிருந்த பேன்களை மருந்திட்டு நீக்கினர். கழுகு பிழைத்தது, அதற்கே உரிய பேனினம் அதன்பின் காணப்படவில்லை. ஓர் ஒட்டுண்ணியும் இயற்கையின் நெடிய வரலாற்றில் தோன்றிய ஓர் உயிரினமே. அதற்குப் பெயரிட்டு அறியும் முன்னரே அதனை இழந்துவிடுதல் அறிவின் இழப்பாகும்.

8. வகுப்பறையில் தமிழும் அறிவியலும்

தமிழ் மக்கள் பேன், ஈர், உண்ணி, தெள்ளு என்று புற ஒட்டுண்ணிகளைத் தனித்தனிப் பெயரிட்டு அழைத்தவர்கள். பேனையும் அதன் முட்டையாகிய ஈரையும் இருவேறு சொற்களால் குறித்திருப்பது கூர்ந்த நோக்கிற்குச் சான்று. இச்சொற்செல்வத்தை அறிவியல் வகுப்பில் நாம் துல்லியமாகப் பயன்படுத்துதல் வேண்டும். எட்டுக் கால் கொண்ட பெரிய உயிரை 'உண்ணி' என்றும், அதன் உறவான நுண்ணுயிரைச் 'சிற்றுண்ணி' என்றும் வேறுபடுத்தி எழுத வேண்டும். இரண்டையும் 'உண்ணி' என்றே எழுதினால், புதர்க்காய்ச்சலைப் பற்றிப் படிக்கும் மாணவன் தன் நாயின் காதிலுள்ள உண்ணியைக் கண்டு அஞ்சுவான். தனக்கு உண்மையில் தீங்கு செய்யக்கூடிய கண்காணாச் சிற்றுண்ணியை மறந்துவிடுவான். சொல்லின் தெளிவு இங்கு நடையழகிற்காக மட்டும் வேண்டப்படுவதன்று. நலவாழ்விற்கும் அது தேவை.

அறிவியற்பெயர் இருசொற்களால் ஆனது. முதற்சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். அவற்றை மொழிபெயர்க்காமல் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதுதலும், அருகிலேயே தமிழ் வழக்குப்பெயரைத் தருதலும் நல்ல மரபாகும். வழக்குப்பெயர் நம் மக்களிடம் கொண்டுசெல்லும். அறிவியற்பெயர் உலக ஆய்வாளரிடம் கொண்டுசெல்லும்.

காட்டு விலங்குகளைத் தொடுவதும் பிடிப்பதும் உரிய அனுமதியும் பயிற்சியும் உடையோர்க்கே உரியவை. மாணவர்களை அதில் ஈடுபடுத்தலாகாது. ஆயினும் இனங்காணும் பயிற்சியை வகுப்பறையிலேயே தொடங்கலாம். எறும்பு, ஈ, சிலந்தி, மரவட்டை, கரப்பான் ஆகிய ஐந்தின் படங்களைக் கொடுத்து, இருகிளைத் திறவுகோல் ஒன்றை மாணவர்களே அமைக்கச் செய்யலாம். அது முடிந்தபின், அவர்கள் எதிர்பாராத ஆறாவது படத்தை, உண்ணிக் குஞ்சின் படத்தை, அவர்கள் முன் வைக்க வேண்டும். தாம் அமைத்த திறவுகோல் அதனைத் தவறான பெயரில் கொண்டுபோய் நிறுத்துவதை அவர்கள் காண்பர். அப்பொழுது சில மாணவர்கள் படத்தைக் குறை கூறக்கூடும். சிலர் திறவுகோலைத் திருத்த முற்படுவர். திருத்த முற்படும் மாணவரை ஆசிரியர் ஊக்குவித்தல் வேண்டும். காப்பிட்டில் உயிர்காக்கும் உண்மையைக் கண்டறிந்தோர் செய்ததும் அதுவே.